ஒரு புள்ளியின் கதை

இம்மலருக்குக் கட்டுரை தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, வழக்கம்போல் சீறாப்புராணத்து உவமைகள் பற்றியோ குணங்குடியாரின் நடை பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். இவ்வாண்டு கணிப்பொறியைப் பற்றி எழுதுகின்றோம். கணிப்பொறித் துறையினர் நகைப்பர். கணிதத் துறையினர் இன்னும் மிகுதியாக நகைப்பர். ஆயினும் ஆவடியில் எம் வீட்டுப் பின்னறையில் கடந்த கோடையில் நிகழ்ந்த ஒன்று, இருபதாண்டுகளுக்கு மேலாக எம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைத் தொட்டுவிட்டமையால் இதனை எழுதாது விடல் இயலவில்லை.

எம் தங்கை கணவர் மறைந்தபின் அவளும் அவள் மகனும் எம்முடனேயே வாழ்கின்றனர். பிள்ளை முதுகலைக் கணிதம் பயின்றான். ரிச்சி தெருவில் பழைய பொருளாக வாங்கிய கணிப்பொறி ஒன்று அவனிடம் இருந்தது. அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து, மேசை மின்விசிறியை அதன் வயிற்றுக்கு நேரே திருப்பி வைத்திருப்பான். மே மாத ஆவடியில் மனிதருக்கே காற்று இல்லை. இயந்திரத்திற்கு மின்விசிறியா என்று எம் துணைவியார் கேட்பார். இரவெல்லாம் அது இரைந்துகொண்டிருக்கும். திரையில் எழுத்துகள் எறும்புச்சாரி போல் ஏறிக்கொண்டே இருக்கும். “என்னதான் செய்கிறது அது?” என்று ஒருநாள் கேட்டோம். “சமைக்கிறது மாமா” என்றான்.

அவன் சொன்ன விளக்கத்தை எமக்கு விளங்கிய அளவில் தருகின்றோம். மனிதன் எழுதும் நிரலை மூலநிரல் என்பர். அதனைப் பொறி நேரடியாக அறியாது. தொகுப்பி என்னும் மற்றொரு நிரல் அதனைப் பொறிமொழிக்கு மாற்றித் தரவேண்டும. நாம் கடையில் வாங்கும் மென்பொருள்கள் இவ்வாறு மாற்றி முடிக்கப்பட்ட ஆயத்த ஆடைகள். லினக்ஸ் வழங்கல்களிலும் பெரும்பாலானவை அத்தகையனவே. ஆனால் ஒரு சில வழங்கல்கள் துணியையும் அளவு நாடாவையும் நம் கையில் தந்து, நம் வீட்டிலேயே தைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அவற்றுள் பெயர் பெற்றது ஜென்டூ. டேனியல் ராபின்சு என்பார் தொடங்கிய இதன் முதற்பதிப்பு 2002 மார்ச்சில் வெளிவந்தது. விரைந்து நீந்தும் பென்குவின் இனம் ஒன்றின் பெயரை இதற்கு இட்டனர். தமிழாசிரியர் என்ற முறையில் இங்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சென்னைக் கும்பினியாரின் பழைய ஆவணங்களில் தெலுங்கு மக்களையும் தெலுங்கு மொழியையும் குறிக்க வழங்கிய சொல்லும் ‘ஜென்டூ’ என்பதே. பறவைக்கும் நம் அண்டை மொழிக்கும் ஒரே பெயர் எவ்வாறு வாய்த்தது என்பது வேறொரு கட்டுரைக்குரியது.

ஆயத்த ஆடை கிடைக்கும்போது எதற்குத் தையல் வேலை? 2023 டிசம்பர் இறுதியில் ஜென்டூவே முன்னரே தொகுத்த பொதிகளையும் வழங்கத் தொடங்கிவிட்டது. எனினும் பிள்ளை தானே தொகுப்பதை விடவில்லை. மூலத்திலிருந்து வரவில்லையானால் அது தன்னுடையதாகத் தோன்றவில்லை என்றான். அப்போது எமக்கு அது வாலிப வீம்பாகவே பட்டது. ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், வளைகுடாவில் கணக்கர் வேலை ஒன்று இருப்பதாக அன்புடன் கூறி அனுப்பியிருந்தார். தங்கை அதை எண்ணிக் கண் கலங்குவாள். பிள்ளையோ கணக்கு மென்பொருளுக்குப் பொதி கட்டிக்கொண்டிருந்தான்.

கணித மென்பொருள் என்றால் கடைக்கணக்கு எழுதுவது அன்று. ஆயிரம் இலக்க எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரிக்க முயல்வது, சமன்பாட்டைக் குறியீடாகவே தீர்ப்பது, குலங்களை ஆராய்வது போன்ற பணிகளைச் செய்வது. விலை கொடுத்து வாங்கும் கணித மென்பொருள்களின் உரிமக் கட்டணம் எம்மைப் போன்ற கல்லூரிகளின் மாணவர் தனியே நினைத்துப் பார்க்கத் தக்கதன்று. ஆனால் இத்துறையில் விலையின்றியும் மூலத்துடனும் கிடைப்பன பல. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் பிறந்த பாரி, செருமனியின் ஆகனில் 1986-இல் தொடங்கிய கேப், பேரெண்களைக் கையாள 1991 முதல் வழங்கிவரும் ஜிஎம்பி நூலகம் என்பன அவற்றுட் சில. மேக்சிமா என்பதன் வரலாறு எம்மை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1968-இல் தொடங்கிய மேக்சிமா நிரலின் தாயான மேக்சைமாவை, வில்லியம் செல்டர் என்னும் டெக்சாசுப் பேராசிரியர் 1982 முதல் தனியொருவராகப் பேணி வந்தார், 1998-இல் அரசுத்துறையிடம் ஒப்புதல் பெற்று அனைவர்க்கும் திறந்துவிட்டார், 2001-இல் மறைந்தார். அவர் பேணாதிருந்தால் அம்மூலம் செல்லரித்திருக்கும். ஏட்டுச்சுவடியைக் காத்தவர்களை அறிந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

வில்லியம் சுடைன் என்பார் 2005-இல் இத்தகைய மென்பொருள்கள் பலவற்றை ஒன்றுசேர்த்துச் சேஜ் என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டார். தொகை நூல் என்றால் நமக்குப் புரியும். ஆனால் அத்தொகை, தனக்கு வேண்டிய நூலகங்களையெல்லாம் தன் மூட்டைக்குள்ளேயே கட்டி வைத்திருந்தது. வீட்டில் உரல் இருக்க, விருந்தினர் ஒவ்வொருவரும் தத்தம் உரலைத் தூக்கி வருவதுபோல் என்று பிள்ளை சொன்னான். மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு நூலகத்தையும் தனித்தனிப் பொதியாக்கி, அனைத்து மென்பொருளும் ஒன்றையே பகிருமாறு செய்வதையே ஜென்டூவின் கணித ஆர்வலர் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றனர். நம் சென்னையிலும் இவ்வுணர்வுடையார் இருந்துள்ளனர். தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவரும், 2005-இல் பட்நாகர் பரிசு பெற்றவருமாகிய பேராசிரியர் கபில் பராஞ்சபே, டெபியன் என்னும் வழங்கலின் வளர்ச்சிப் பணியில் பங்குகொண்டவர். பெருங்கணிதர் ஒருவர் பொதி கட்டும் பணியைத் தாழ்வாகக் கருதவில்லை என்பதைப் பிள்ளை எம்மிடம் பலமுறை சொல்லிக் காட்டினான். வளைகுடா வேலைப் பேச்சு எழுந்தபோதெல்லாம் சற்று உரக்கவே சொன்னான்.

பொதி கட்டுவது எவ்வாறு? ஒருநாள் அவன் எழுதிய பொதிக் குறிப்பைத் தாளில் அச்சிட்டு எம்மிடம் தந்தான். நாற்பது வரி இருக்கும். அதைப் படித்தபோது எமக்குப் பெருவியப்பு. முதலில் மென்பொருளின் பெயரும், மூலம் கிடைக்கும் இடமும், அதன் உரிமமும். அடுத்து, அது எவற்றைச் சார்ந்து நிற்கிறது என்னும் பட்டியல். பின்னர் அவிழ்த்தல், திருத்தல், அமைத்தல், தொகுத்தல், சோதித்தல், நிறுவுதல் என்னும் படிகள். நிறுவும்போதும் நேரே வீட்டிற்குள் விடுவதில்லை. முதலில் போலியானதொரு வீட்டில் நிறுவிப் பார்த்து, ஒழுங்காக இருந்தாலே உண்மை வீட்டிற்குள் சேர்ப்பர். இறக்கிய மூலக்கோப்பின் ‘கைரேகை’ 128 இலக்கங்களில் தனியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். மூலத்தில் ஓரெழுத்து மாறினும் அக்கைரேகை முற்றிலும் மாறிவிடும். பொதி நிறுவ மறுக்கும்.

இவற்றினும் எம்மை ஈர்த்தது வேறொன்று. மூலத்தில் பிழை இருப்பின் பொதி கட்டுவோர் மூலத்தைத் தொடுவதில்லை. மூலம் ஆசிரியர் தந்தபடியே கிடக்கும். திருத்தம் ‘ஒட்டு’ என்னும் தனிக் கோப்பில் இருக்கும். எந்த வரி நீங்கிற்று, எந்த வரி சேர்ந்தது என்று அதில் கழித்தல் குறியும் கூட்டல் குறியும் இட்டுக் காட்டப்பட்டிருக்கும். யார் செய்தார், ஏன் செய்தார் என்பதை அதன் தலைப்பில் எழுதுவது நன்முறை. நாளை ஒருவர் அவ்வொட்டைப் பிய்த்தெறிந்து மூலத்தை உள்ளவாறே காணலாம். இது பதிப்பியல் அன்றோ! சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் நமக்குக் கற்பித்த நெறி அன்றோ! பாடவேறுபாடு அடிக்குறிப்பில் இருக்க வேண்டும். பதிப்பாசிரியன் கை மூலத்தில் மறைவாக நுழையக் கூடாது. வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக இதனை யாம் சொல்லி வருகின்றோம். சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள் அசையும். அதைப் பின்னர்க் கூறுவோம்.

பிள்ளையின் முதுகலை ஆய்வேடு எண் பிரிவினை பற்றியது. நான்கு என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் பிரிக்கலாம். ஆகவே நான்கின் பிரிவினை எண் ஐந்து. எண் வளர வளர இது கட்டுக்கடங்காமல் பெருகும். நூற்றுக்கு 19 கோடியைத் தாண்டும். இருநூற்றுக்கு 3972999029388. இவ்வெண்ணை மேஜர் மக்மாகன் பொறியின் துணையின்றிக் கையாலேயே கணக்கிட்டார். நம் இராமானுசனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது கிடைத்தது 3972999029388.004. எண்ணற்ற பின்னங்களும் வேர்மூலங்களும் நிறைந்த சூத்திரம் முழு எண்ணின் வாசலில் வந்து நின்றது. ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1920-இல் சேத்துப்பட்டில் மறைந்த அவரது கணக்கை, நூறாண்டு கடந்து, அதே சென்னையின் மேற்கு ஓரத்தில் ஒரு பிள்ளை இரவெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தான் என்பதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி.

அவன் பயன்படுத்தியது சிறியதொரு நிரல். யாரோ ஒருவர் எழுதி மூலத்துடன் விட்டது. ஜென்டூவில் அதற்குப் பொதி இல்லாமையால் தானே கட்டினான். அவசரத்தில் சோதித்தல் என்னும் படியை மட்டும் பிறகு பார்க்கலாம் என விட்டிருந்தான். அந்நிரலைக் கொண்டு ஆய்வேட்டின் இரண்டு இயல்களுக்கும் அட்டவணைகள் ஆக்கினான். ஆவடி நிலையத்தருகே உள்ள கடையில் அச்சிட்டுக் கட்டடமும் செய்தாயிற்று. திங்களன்று ஒப்படைக்க வேண்டும். வியாழன் இரவு, பொதியைப் பிறர்க்கும் அனுப்புவோம் என்று எண்ணிச் சோதனையை ஓட்டியிருக்கிறான். நள்ளிரவு கடந்து எம்மை எழுப்பினான்.

“மாமா, ஒரு சோதனை தோற்றுவிட்டது.”

திரையில் பதினைந்து இலக்க எண் ஒன்று. நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பிரிவினை எண் ஐந்தால் மீதியின்றி வகுபடும் என்பது இராமானுசன் கண்டு 1919-இல் நிறுவியது. நான்குக்கு 5, ஒன்பதுக்கு 30, பதினான்குக்கு 135. ஐந்தால் வகுபட வேண்டிய எண் சுழியிலோ ஐந்திலோ முடிய வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். திரையில் இருந்த எண் மூன்றில் முடிந்தது. கணிதம் அறியாத எமக்கே பிழை கண்ணில் பட்டது. சிறிய எண்களுக்கெல்லாம் விடை சரியாகவே இருந்தது. இருநூறு வரை மக்மாகனோடு பொருந்திற்று. அதற்கு அப்பால் ஓரிடத்தில் தொடங்கி, கடைசி இலக்கங்கள் நழுவியிருந்தன. அட்டவணையின் பின்பாதி முழுவதும் ஐயத்திற்குரியதாயிற்று.

உறக்கக் கலக்கத்தில் யாம் சொன்னதை இங்கு மறைக்க மாட்டோம். “பதினைந்து இலக்கத்தில் கடைசி இலக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒப்படைத்துவிடு” என்றோம். மறுகட்டடத்திற்குப் பணம், தங்கையின் கவலை, திங்கட்கிழமை எல்லாம் எம் மனத்தில் இருந்தன. அவன் எதிர்த்துப் பேசவில்லை. “பொதியில் ஒரு வரி எழுதினால் சோதனை ஓடாமலே போகும் மாமா. அப்படி எழுத வழி இருக்கிறது” என்றான். எழுதவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாம் படுக்கைக்குத் திரும்பினோம், உறக்கம் வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு இன்று நிறுத்திவிட்ட ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக யாம் அன்று எடுத்துக்கொண்டது, அரபுத் தமிழில் அச்சான முனாஜாத்துப் பாடல்களின் பதிப்பு. அரபு எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளையும் குறிப்பது அம்முறை. தகரத்திற்குரிய எழுத்தில் ஒரு புள்ளி கூட்டினால் டகரமாகும். எம்மிடம் இருந்த பழம்படியில் ஓரிடத்தில் ‘நாடி’ என்று இருந்தது. அடியற்ற ஏழை இறைவனை அழைக்கும் இடம் அது. ‘நாதி’ என்றிருந்தால் உருக்கம் மிகும் என எமக்குத் தோன்றிற்று. அப்புள்ளி மைக்கறையாக இருக்கலாம் என்று கருதினோம். கருதியதோடு நில்லாமல், எழுத்துப்பெயர்ப்பில் ‘நாதி’ என்றே எழுதினோம். அடிக்குறிப்பு இடவில்லை. இட்டால் நெறியாளர் வினவுவார். வினவினால் சான்று வேண்டும். வாய்மொழித் தேர்வில் அவ்வடியை ஒருவர் பாராட்டவும் செய்தார்.

சில ஆண்டுகள் கழித்து, வேறொரு படியை வேறோர் ஊரில் பார்க்க நேர்ந்தது. அதே இடத்தில் அதே புள்ளி தெளிவாக இருந்தது. மைக்கறை ஈரிடத்தில் ஒரே எழுத்தின்மேல் விழாது. நாடி வந்த ஏழையை யாம் நாதியற்றவனாக்கிவிட்டோம். ஆய்வேடு நூலகத்தில் உறங்குவதால் எவருக்கும் தெரியவில்லை. ஆவடி என்னும் பெயரே படைத்துறை வண்டிக் கிடங்கின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று நம் ஊரார் சொல்வர். அதற்கு மூலச்சான்று காட்டுவாரை யாம் கண்டதில்லை என்று மாணவரிடம் கேலியாகச் சொல்வதுண்டு. சான்றின்றி யாம் ஆக்கிய சொல் ஒன்று எம் பெயரிலேயே அட்டையிட்டு இருப்பதைச் சொன்னதில்லை.

வெள்ளி காலை பிழையின் காரணத்தைப் பிள்ளை கண்டுபிடித்திருந்தான். அதனை எமக்குப் புரிய வைக்க ஒரு கடைக்காரரை அழைத்தான். அவருடைய பேரேட்டில் மூன்று இலக்கங்களுக்கே இடமுண்டு. 123 ரூபாயோடு 45 காசைக் கூட்ட வேண்டும். பேரேட்டில் 123 என்றே விழும்; காசு விழுந்துபோகும். கடைக்காரர் அறிவாளி. கூட்டிய தொகையிலிருந்து 123-ஐக் கழிக்கிறார், சுழி வருகிறது. 45 காசிலிருந்து அச்சுழியைக் கழிக்கிறார், 45 காசு. அதாவது பேரேடு விழுங்கிய எச்சம். அதனைத் தனிச்சீட்டில் எழுதி, பேரேட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கணக்கு. அச்சிறு நிரலின் ஆசிரியர் செய்தது இதுவே: ஓர் எண்ணுக்கு இரண்டு இடங்கள், ஒன்றில் தலை, மற்றொன்றில் எச்சம்.

தொகுப்பிக்கோ கணிதம் தெரியும். இரண்டைக் கூட்டி, முதலதைக் கழித்து, விடையை இரண்டாவதிலிருந்து கழித்தால் எப்போதும் சுழியே என்பது இயற்கணிதம். பிள்ளை தன் பழைய பொறி விரைந்து ஓட வேண்டும் என்பதற்காக, எல்லாப் பொதிகளுக்கும் பொதுவாக ‘விரைவுக் கணக்கு’ என்னும் கொடியைத் தொகுப்பிக்கு இட்டு வைத்திருந்தான். ஜென்டூ ஆவணங்கள் வேண்டாமென எச்சரிக்கும் கொடி அது. அக்கொடி இருந்தால் இயற்கணித விதிப்படி சுருக்கத் தொகுப்பிக்கு உரிமை உண்டு. சுருக்கிற்று. எப்போதும் சுழியாகும் சீட்டு எதற்கு என்று எச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. ஆசிரியர் எழுதியதில் பிழை இல்லை; மாற்றிய இடத்தில், அறிந்தவன் என்னும் நினைப்பில், வேண்டாததென்று ஒன்று நீக்கப்பட்டிருக்கிறது.

“அதற்குத் தெரியாமல் செய்யவில்லை மாமா. தெரியும் என்று நினைத்துச் செய்தது” என்றான். யாம் எழுந்து திண்ணைக்குச் சென்றுவிட்டோம்.

அவன் தன் பொதியில் ஒரு வரி சேர்த்தான்: இந்நிரலைத் தொகுக்கும்போது மட்டும் அக்கொடியை வடித்து நீக்குக என்று. காரணத்தையும் அருகில் எழுதினான். தன் பொறியிலிருந்து அக்கொடியை அடியோடு எடுத்துவிட்டு, பொறியிலுள்ள அனைத்தையும் புதிதாகத் தொகுக்க இட்டான். சனிக்கிழமை மின்வெட்டு இருமுறை. நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினான். ஞாயிறு மாலை சோதனைகள் எல்லாம் தேறின. பாரி கொண்டு கணக்கிட்ட விடைகளோடு அட்டவணையை வரிவரியாக ஒப்பிட்டான். பதினேழு பக்கங்கள் மாறின. நெறியாளரிடம் உள்ளதைச் சொல்லி ஒரு வாரம் கேட்டான். அவர் கடிந்துகொண்டார், தந்தார். பழைய கட்டடம் மூன்று படிகளும் வீணாயின. அச்சுக்கும் கட்டடத்திற்கும் மீண்டும் ஆன செலவைத் தங்கை தன் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தாள், மகனிடம் ஒரு சொல்லும் பேசாமல். அம்மௌனம் அவனை மிகவும் வருத்தியது. ஆய்வேட்டின் முன்னுரையில் அட்டவணைகள் ஒருமுறை பிழைபட்டதையும் அதன் காரணத்தையும் அரைப்பக்கம் எழுதியிருந்தான். நேர்காணலில் வந்த வினாக்களுள் பாதி அவ்வரைப்பக்கத்தைப் பற்றியனவே என்று பின்னர்ச் சொன்னான்.

பயனர்கள் தாமே எழுதிய பொதிகளைச் சேர்த்து வைக்க ஜென்டூவில் ‘குரு’ என்றொரு களஞ்சியம் உண்டு. பெயர் நம்முடையதாகவே இருக்கிறது. அதற்குப் பொதியை அனுப்பினான். முகமறியாத ஒருவர் பார்த்து, உரிமத்தின் பதிப்பெண்ணைச் சரியாகக் குறிக்குமாறும், ஓரிடத்தில் இடைவெளிக்குப் பதில் தாவல் இடுமாறும் எழுதினார். வெறும் இடைவெளிக்காகவா ஒருவர் கடிதம் எழுதுவார் என்று தங்கை வியந்தாள். திருத்தி அனுப்பினான், ஏற்றுக்கொண்டனர். வளைகுடா வேலைப் பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. பெரியவர் போன வாரமும் வந்திருந்தார். பிள்ளை அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அமர்ந்து முழுவதும் கேட்டான். என்ன முடிவெடுப்பான் என்று யாம் கேட்கவில்லை.

சூன் மாதம் கல்லூரி திறந்த அன்று யாம் துறை நூலகத்திற்குச் சென்று எம் ஆய்வேட்டைக் கேட்டோம். நூலகர் ஏணி வைத்து ஏறி, மேல்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டித் தந்தார். கட்டடத்தின் முதுகில் எம் பெயரின் பொன்னெழுத்து பாதி உதிர்ந்திருந்தது. தட்டச்சிட்ட வரியைத் தொடவில்லை. ஒரு வெள்ளைச் சீட்டில், இப்பக்கத்து நான்காம் அடியில் ‘நாதி’ என்றிருப்பது பதிப்பாசிரியன் சான்றின்றி மாற்றியது, மூலப்படியில் உள்ளது ‘நாடி’, பிறிதொரு படியிலும் அவ்வாறே கண்டோம் என எழுதி, நாளும் கையொப்பமும் இட்டு, அப்பக்கத்தின் ஓரத்தில் ஒட்டினோம். பசை காயும்வரை புத்தகத்தை மூட வேண்டாம் என்று நூலகரிடம் சொல்லிவிட்டு வகுப்பிற்குச் சென்றோம்.